ஆழ்கடலில் நூறாண்டு வாழும் மீன்

முன்னுரை

சந்தைக்குச் சென்றாலும் சரி, வாசலுக்கு வரும் மீன்காரரின் வண்டியை எட்டிப் பார்த்தாலும் சரி, நாம் காண்பவை பெரும்பாலும் நமக்கு நன்கு பழக்கமான மீன்களே. கெம்போங் என்று நாம் வழங்கும் கானாங்கெளுத்தி, நெத்திலி, வாவல், தெங்கிரி ஆகிய இவை ஆழம் குறைந்த கடலில் வாழ்பவை. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி 100 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. அங்கே நீர் வெதுவெதுப்பாக உள்ளது, இரையும் மிகுதி. ஆகவே அம்மீன்கள் விரைவாக வளர்ந்து, விரைவாகப் பெருகுகின்றன.

ஆனால், உலகின் வேறு கடல்களில், கதிரவனின் ஒளி எட்டாத ஆழத்தில், முற்றிலும் வேறுபட்ட வாழ்க்கையை நடத்தும் ஒரு மீன் உண்டு. அது நம் பாட்டனாரைவிட வயது மூத்ததாக இருக்கக்கூடும். நம் நாட்டிற்கு முதன்முதலாக ரப்பர்க் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டன என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வாண்டில் பிறந்த மீன் ஒன்று, நூறாண்டு கழித்து 1977ஆம் ஆண்டிலும் உயிரோடு நீந்திக்கொண்டிருந்திருக்கலாம் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அம்மீனின் பெயர் ஆரஞ்சு ரஃபி.

அம்மீனின் வாழ்க்கையையும், மனிதன் அதனைப் பிடித்த முறையையும், அதனால் நாம் கற்க வேண்டிய பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆழ்கடலின் இயல்பு

ஆரஞ்சு ரஃபி பெரும்பாலும் 700 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் வாழ்கின்றது. இந்த ஆழத்தை எவ்வாறு மனத்தில் கொள்வது? கோலாலம்பூரிலுள்ள இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். ஒரு கோபுரத்தின் தலைமேல் மற்றொன்றைத் தூக்கி நிறுத்திக் கடலில் இறக்கினாலும், 1,000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அவ்விரண்டும் நீருக்குள் முழுமையாக மறைந்துவிடும்.

கடலில் 200 மீட்டருக்குக் கீழே செடிகொடிகள் வளரப் போதுமான ஒளி இல்லை. 1,000 மீட்டருக்குக் கீழே கதிரவனின் ஒளி அறவே இல்லை. நண்பகலும் நள்ளிரவும் அங்கு ஒன்றே. நீரின் குளிர்ச்சியும் மிகுதி. இம்மீன் வாழுமிடங்களில் வெப்பநிலை ஏறக்குறைய 4 முதல் 7 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உட்புறம் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்குமோ, அவ்வளவு என்று கொள்ளலாம்.

அழுத்தத்தையும் எண்ணிப் பாருங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் கீழே இறங்கும்போதும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடுகின்றது. 1,000 மீட்டர் ஆழத்தில் அது 100 கிலோவாகும். சிறுவிரல் நகத்தின்மேல் 50 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டை ஏற்றி வைத்தாற்போன்ற அழுத்தம் அது! அத்தகைய இடத்தில் பிறந்து, வளர்ந்து, நூறாண்டுக்கு மேலும் வாழ்வதற்கேற்ற உடலமைப்பை இயற்கை இம்மீனுக்கு வழங்கியுள்ளது.

தோற்றமும் பெயரும்

ஆரஞ்சு ரஃபியின் விஞ்ஞானப் பெயர் ஹோப்லோஸ்டெதஸ் அட்லாண்டிகஸ் என்பதாகும். நார்வே நாட்டு விலங்கியல் அறிஞர் ராபர்ட் காலெட் என்பவர் 1889ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். அட்லாண்டிக் கடல், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி, தென் பசிபிக் கடல் ஆகியவற்றின் குளிர்ந்த ஆழ்பகுதிகளில் இது காணப்படுகின்றது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவின் தென்பகுதி, நமீபியா, சிலி, அயர்லாந்து ஆகிய நாடுகளை அடுத்த கடல்களில் இது கூட்டமாக வாழ்வது அறியப்பட்டுள்ளது.

முழு வளர்ச்சியுற்ற மீன் பொதுவாக 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை ஒன்று அல்லது இரண்டு கிலோ. இதைவிடப் பெரியவையும் உண்டு. தலை பெரியது, எலும்பு விளிம்புகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டது. அவ்வறைகளில் வழுவழுப்பான சளி நிறைந்திருக்கும். இதன் காரணமாக இம்மீன் சேர்ந்துள்ள குடும்பத்திற்குச் 'சளித்தலை மீன்கள்' என்றே பெயர். அப்பெயரைச் சொன்னால் யார் வாங்குவர்? ஆகவே கடைகளில் ஆரஞ்சு ரஃபி என்னும் பெயரிலேயே விற்றனர். ரஃபி என்னும் சொல் சொரசொரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

உயிரோடு இருக்கும்போது இதன் நிறம் செங்கல் போன்ற சிவப்பு. இறந்த பின்னரே ஆரஞ்சு நிறமாக வெளிறுகின்றது. இருட்டில் வாழும் மீனுக்குச் சிவப்பு நிறம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒளியின் நிறங்களுள் சிவப்பே கடல் நீரில் முதலில் மறைந்து போகின்றது. சிவப்பொளி இல்லாத இடத்தில் சிவப்புப் பொருள் கறுப்பாகவே தோன்றும். எனவே மேலே செந்நிறமாகக் காணப்படும் இம்மீன், தன் இருப்பிடத்தில் எவர் கண்ணுக்கும் படாமல் மறைந்து வாழ்கின்றது.

உடலுக்குள் மெழுகு

பல மீன்களின் வயிற்றினுள் காற்றுப்பை ஒன்று உண்டு. நீரில் மிதக்கவும் மூழ்கவும் அது துணை செய்கின்றது. ஆனால் பெரும் அழுத்தமுள்ள ஆழத்தில் காற்று நசுங்கிவிடும். அதற்கு மாற்றாக, ஆரஞ்சு ரஃபியின் அந்தப் பையிலும், தசையிலும், தோலின் அடியிலும், எலும்புகளிலுங்கூட மெழுகு போன்ற ஒருவகை எண்ணெய் சேர்ந்துள்ளது. அது நீரைவிட இலேசானது, எளிதில் நசுங்காதது. ஆகவே மிகுதியாக உழைக்காமலேயே மீன் நீரில் நிலைத்து நிற்க முடிகின்றது.

இந்த மெழுகெண்ணெய் மனிதருக்குச் செரிக்காது. உண்டால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். எனவே தொழிற்சாலைகளில் தோலோடு அதன் அடியிலுள்ள கொழுப்புப் படலத்தையும் ஆழமாகச் சீவி எடுத்துவிட்டு, வெண்மையான சதையை மட்டும் உறையவைத்து விற்கின்றனர். சீவி எடுத்த பகுதியிலிருந்து பெறும் எண்ணெய், அழகுப் பொருள்கள் முதலியன செய்யப் பயன்பட்டது.

இரையும் பகையும்

ஆழ்கடல் இறால்கள், கணவாய்கள், சிறு மீன்கள் ஆகியவை இதன் இரையாகும். கடலின் அடியில், தரையிலுள்ள மலைகளைப் போன்றே மலைகள் உள்ளன. அவற்றைக் கடலடி மலைகள் என்பர். நீரோட்டம் அம்மலைகளில் மோதிச் செல்லும்போது இரையைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. ஆகவே ஆரஞ்சு ரஃபி அம்மலைகளைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாகத் திரள்கின்றது. சுறாக்களும், ஆழத்தில் மூழ்கி இரைதேடும் எண்ணெய்த் திமிங்கிலமும், இராட்சதக் கணவாயும் இதன் பகைகள். ஆயினும் முதிர்ந்த மீன்களுக்கு இயற்கைப் பகை குறைவு. நூறு மீன்கள் இருப்பின், ஓராண்டில் நான்கு அல்லது ஐந்து மீன்களே இயற்கையாக இறக்கின்றன என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர்.

இனப்பெருக்கம்

இப்பொழுது நாம் முக்கியமான செய்திக்கு வருகின்றோம். நம் கானாங்கெளுத்தி ஓரிரு ஆண்டுகளுக்குள் முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும். ஆரஞ்சு ரஃபியோ 20 முதல் 40 ஆண்டுகள் வரை வளர்ந்த பின்னரே முட்டையிடத் தொடங்குகின்றது. நீங்கள் முதலாம் ஆண்டில் சேரும் நாளில் பிறந்த ஆரஞ்சு ரஃபி, நீங்கள் படித்து, வேலைக்குச் சென்று, திருமணம் செய்து, உங்கள் பிள்ளையை அதே முதலாம் ஆண்டில் சேர்க்கும் காலத்திலும் முட்டையிடும் பருவத்தை அடைந்திராமல் இருக்கலாம்!

முட்டைகளின் தொகையும் குறைவே. பல கடல் மீன்கள் இலட்சக்கணக்கான முட்டைகளை இடுகின்றன. ஆரஞ்சு ரஃபியின் பெண்மீன் ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 22,000 முட்டைகளையே இடுகின்றது. எல்லாப் பெண்மீன்களும் ஆண்டு தவறாமல் முட்டையிடுவதில்லை. குளிர்காலத்தில், நியூசிலாந்துப் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள மாதங்களில், அவை குறிப்பிட்ட சில இடங்களில் பெருங்கூட்டமாகக் கூடுகின்றன. முட்டைகள் நீரில் மேலெழுந்து மிதந்து, பின்னர் மெல்லக் கீழிறங்கி, சுமார் பத்து நாட்களில் ஆழத்தில் பொரிக்கின்றன. அவற்றுள் பிழைத்து வளர்வன மிகச் சிலவே. பல ஆண்டுகள் தொடர்ந்து குஞ்சுகள் பிழைக்காமலே போனாலும் கவலை இல்லை. ஏனெனில் முதிர்ந்த மீன்கள் நெடுங்காலம் வாழ்ந்து, நல்ல ஆண்டு வரும்வரை காத்திருக்கும். நீண்ட ஆயுளே இம்மீனின் இனத்தைக் காக்கும் கவசமாகும்.

வயதைக் கண்டறிந்த விதம்

மீனின் வயதை எவ்வாறு அறிவது? குளிர்நாட்டு மரத்தை அறுத்தால் உள்ளே வளையங்கள் தெரியும். ஆண்டுக்கு ஒரு வளையம். அதுபோலவே மீனின் தலைக்குள் செவிக்கல் என்னும் சிறிய சுண்ணக்கல் உண்டு. மீன் நிலைதடுமாறாமல் இருக்கவும், ஒலியை உணரவும் அக்கல் உதவுகின்றது. மீன் வளர வளர, அக்கல்லிலும் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அதனை மெல்லிய தகடாக அறுத்து, பூதக்கண்ணாடியின் துணையால் அவ்வளையங்களை எண்ணுவர்.

தொடக்கத்தில் செவிக்கல்லின் மேற்புறத்தைப் பார்த்தே எண்ணினர். அதனால் இம்மீனும் மற்ற மீன்களைப் போல ஓரளவு விரைவாக வளர்வதே என்ற எண்ணம் ஏற்பட்டது. பின்னர்க் கல்லை அறுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட வளையங்கள் தென்பட்டன. ஒரு சாண் அளவுக்குச் சற்றே மிகுந்த மீனுக்கு நூறு வயதா என்று பலர் ஐயுற்றனர்.

ஐயத்தைத் தீர்க்க மற்றொரு முறை கையாளப்பட்டது. கடல் நீரில் ரேடியம் என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் கலந்துள்ளது. மீன் குஞ்சாக இருக்கும்போது அது செவிக்கல்லின் நடுப்பகுதியில் படிந்துவிடும். அந்த ரேடியம் மெல்ல மெல்லச் சிதைந்து, ஒருவகை ஈயமாக மாறும். இம்மாற்றம் எந்த வேகத்தில் நிகழும் என்பது திட்டவட்டமாகத் தெரியும். ஆகவே ரேடியத்தையும் ஈயத்தையும் அளந்து ஒப்பிட்டால், எத்தனை ஆண்டுகள் கடந்துள்ளன என்பதைக் கணக்கிடலாம். இது இயற்கை வைத்த கடிகாரம் எனலாம். 1991ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இம்முறையால் ஆராய்ந்து, அம்மீன்களின் வயது 149 ஆண்டுகள் வரை செல்வதாக வெளியிட்டனர். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வும், இம்மீன் நூறாண்டுக்கு மேல் வாழ்வதை உறுதி செய்தது. அதன் பின்னர் 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுள்ள மீன்களும் கண்டறியப்பட்டுள்ளன.

இவ்வாறு உண்மை புலப்பட்டது. ஆனால் அதற்குள் வலைகள் கடலில் இறங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மீன்பிடித் தொழில்

நியூசிலாந்தின் தென்தீவுக்குக் கிழக்கே சாத்தம் மேடு என்னும் பெரிய கடலடி மேட்டுநிலம் உள்ளது. 1970களின் இறுதியில் அங்கே ஆரஞ்சு ரஃபி பெருங்கூட்டமாக இருப்பது தெரியவந்தது. 1979ஆம் ஆண்டளவில் வாணிக மீன்பிடிப்புத் தொடங்கியது.

ஆயிரம் மீட்டர் ஆழத்திலுள்ள மீனை எவ்வாறு பிடிப்பது? கப்பலிலிருந்து ஒலியலையைக் கீழே செலுத்துவர். அது கடலடியிலும் மீன் கூட்டத்திலும் பட்டுத் திரும்பும். திரும்பிய எதிரொலியைக் கருவி படமாகக் காட்டும். மலை எங்கே, மீன் எங்கே என்பதை மாலுமி தன் அறையில் இருந்தவாறே அறிந்துகொள்வார். பின்னர்ப் பை போன்ற பெரிய இழுவலையை நீண்ட எஃகுக் கயிறுகளில் கட்டி இறக்குவர். வலையின் வாயை விரித்து வைக்கக் கனத்த பலகைகளும், பாறைகளின்மேல் உருண்டு செல்லக் கனத்த உருளைகளும் அதில் பொருத்தப்பட்டிருக்கும். துணைக்கோள்களின் உதவியால் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் வசதி வந்தபின், ஒரே மலையின் உச்சிக்கு மீண்டும் மீண்டும் தவறாமல் வலையைக் கொண்டுசெல்ல முடிந்தது.

முட்டையிடக் கூடிய கூட்டத்தின் நடுவே வலை சென்றால், சில நிமிடங்களிலேயே பல டன் மீன் சிக்கியது. வலை தாங்காமல் கிழிந்ததும் உண்டு. ஆழத்திலிருந்து மேலே வந்த மீன் பிழைப்பதில்லை. ஆதலால் வேண்டாதவற்றைத் திருப்பிக் கடலில் விட்டாலும் பயன் இல்லை.

முள் இல்லாத வெண்ணிறச் சதைத் துண்டுகளாக உறையவைத்து விற்கப்பட்ட இம்மீனுக்கு அமெரிக்காவில் பெரும் வரவேற்புக் கிடைத்தது. விலை நன்றாக இருந்தது, கப்பல்களும் பெருகின. 1980களின் இறுதியில் நியூசிலாந்துக் கடலில் ஆண்டுக்கு 50,000 டன்னுக்கும் மிகுதியாக ஆரஞ்சு ரஃபி பிடிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவுக்குக் கிழக்கே, செயின்ட் ஹெலன்ஸ் குன்று என்னும் கடலடிக் குன்றில் முட்டையிடும் கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், அதாவது 1990இல், ஆஸ்திரேலியாவில் பிடிக்கப்பட்ட ஆரஞ்சு ரஃபி ஏறத்தாழ 40,000 டன்னை எட்டியது.

பிழை நேர்ந்தது எங்கே?

அக்காலத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நியூசிலாந்து அரசு 1986ஆம் ஆண்டிலேயே, ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வகுக்கும் முறையைச் சட்டமாக்கியது. ஆயினும் மீன்வளம் சரிந்தது. ஏன்?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வங்கியில் 1,000 வெள்ளி உள்ளது. ஆண்டுக்கு நூற்றுக்கு 2 வெள்ளி வட்டி. ஆண்டின் இறுதியில் 20 வெள்ளி வட்டி சேரும். அந்த 20 வெள்ளியை மட்டும் எடுத்துச் செலவிட்டால், 1,000 வெள்ளி என்றென்றும் குறையாது. ஆனால், வட்டி மிகுதியாக வரும் என்று தவறாக எண்ணி ஆண்டுதோறும் 200 வெள்ளி எடுத்தால் என்னவாகும்? முதலாண்டு முடிவில் 820 வெள்ளி. இரண்டாம் ஆண்டில் 636. மூன்றாம் ஆண்டில் 449. நான்காம் ஆண்டில் 258. ஐந்தாம் ஆண்டில் 63. ஆறாம் ஆண்டில் எடுப்பதற்கு 200 வெள்ளி இல்லை!

கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் மிகுந்த வட்டி தரும் வங்கியைப் போன்றவை. ஆரஞ்சு ரஃபியோ மிகக் குறைந்த வட்டி தருவது. மீனின் வயதைத் தவறாகக் கணித்தமையால் வட்டியையும் தவறாகக் கணித்தனர். வட்டி என்று நினைத்து முதலையே எடுத்துவிட்டனர்.

இதில் மற்றொரு மாயமும் உண்டு. மீன் குறைந்து வருகின்றது என்றால், வலையிலும் குறைய வேண்டும் அல்லவா? அப்பொழுதே விழித்துக்கொண்டிருக்கலாமே! ஆனால் வலையில் அது தெரியவில்லை. காரணம் யாது? நம் தோட்டத்து ஆலயத் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். வேலை தேடிப் பட்டணங்களுக்குப் பெயர்ந்து சென்ற குடும்பங்கள் எல்லாம் திருவிழா நாளில் திரும்பி வந்து கூடுகின்றன. அன்று மட்டும் தோட்டத்திற்கு வரும் ஒருவர், "இங்கே எவ்வளவு மக்கள்!" என்று வியந்து போவார். லயங்கள் பல வெறுமையாகக் கிடப்பது அவருக்குத் தெரியாது. அவ்வாறே, எங்கெங்கோ எஞ்சியிருந்த மீன்கள் எல்லாம் முட்டையிடும் காலத்தில் அதே மலைக்கு வந்து கூடின. கூட்டத்தையே பார்த்து வலை வீசியவர்களுக்கு, கடலின் மற்ற பகுதிகள் வெறுமையாகிவிட்டது புலப்படவில்லை. வலையில் மீன் குறையத் தொடங்கியபோது, காலம் கடந்துவிட்டது.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. இங்கே கடலின் ஆழம் தெரிந்திருந்தது. மீனின் வாழ்நாளின் ஆழந்தான் தெரியவில்லை.

மற்ற நாடுகளின் அனுபவம்

ஓரிடத்தில் கண்ட துன்பம் மற்றோரிடத்தில் பாடமாகியிருக்க வேண்டும். ஆனால் அவ்வாறு ஆகவில்லை. வட அட்லாண்டிக் கடலில் பிரான்சு நாட்டுக் கப்பல்கள் 1991ஆம் ஆண்டளவிலும், அயர்லாந்துக் கப்பல்கள் 2001ஆம் ஆண்டளவிலும் இம்மீனைப் பிடிக்கத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே வளம் சரிந்தது. 2010ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கப்பல்களுக்கு வகுத்த அளவு சுழியாயிற்று. அதாவது ஒரு கிலோவும் பிடிக்கலாகாது. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் 1990களின் நடுவில் தொடங்கிய மீன்பிடிப்பு, பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பெரும் சரிவைக் கண்டது. பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆஸ்திரேலியா 2006ஆம் ஆண்டில் ஆரஞ்சு ரஃபியைப் பாதுகாப்புத் தேவைப்படும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. வாணிகத்திற்காகப் பிடிக்கப்படும் மீன் ஒன்று அந்நாட்டில் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது அதுவே முதன்முறை. பெரும்பாலான இடங்களில் இம்மீனைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது.

அழிந்த கடற்காடுகள்

இழப்பு மீனோடு நின்றுவிடவில்லை. கடலடி மலைகளின்மேல் ஆழ்கடற் பவளங்கள் புதர்களைப் போலவும், சிறு மரங்களைப் போலவும் வளர்ந்திருந்தன. அவை மிகமிக மெதுவாக வளர்பவை; சில நூறாண்டுகளைக் கடந்தவை. நண்டு, கடல் விண்மீன், கடற்பஞ்சு முதலிய எண்ணற்ற உயிர்களுக்கு அவையே உறைவிடம். கனத்த இழுவலைகள் அவற்றின்மீது உருண்டு சென்றபோது அவை நொறுங்கின. தாஸ்மேனியாவின் தெற்கே ஆராய்ந்த விஞ்ஞானிகள், வலை செல்லாத மலைகளில் பவளக் காடு செழித்திருப்பதையும், வலை பலமுறை சென்ற மலைகளில் வெறும் பாறையே எஞ்சியிருப்பதையும் கண்டனர். அம்மலைகளுள் ஒரு பகுதியை 1999ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு கடற்காப்பகமாக அறிவித்தது. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும், பொதுக்கடல்களில் உள்ள இத்தகைய இடங்களை அடிவலைகளிலிருந்து காக்க வேண்டும் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

உண்பவர் அறிய வேண்டியது

நெடுங்காலம் வாழும் மீன் ஆகையால், கடலில் உள்ள பாதரசம் இரையின் வழியாக அதன் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகின்றது. அதனால் கருவுற்ற தாய்மார்களும் சிறுகுழந்தைகளும் இம்மீனைத் தவிர்க்கவோ, மிகக் குறைவாக உண்ணவோ வேண்டும் என்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் உணவுத் துறைகள் அறிவுறுத்தியுள்ளன. பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. விரைவாக வளரும் சிறு மீன்களில் இத்தீங்கு பெரிதும் குறைவு. மலிவாகக் கிடைக்கும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல.

மீட்சி உண்டா?

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். நியூசிலாந்தின் மேற்கே உள்ள சாலஞ்சர் மேட்டில் 2000ஆம் ஆண்டில் மீன்பிடிப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, கூட்டம் ஓரளவு பெருகியது கண்டு, 2010ஆம் ஆண்டில் சிறிய அளவில் மீண்டும் அனுமதித்தனர். கிழக்குத் தாஸ்மேனியாப் பகுதியிலும் அவ்வாறே 2015ஆம் ஆண்டில் சிறிய அளவு மீன்பிடிப்பு மீண்டும் தொடங்கியது. அங்கு இப்பொழுது, ஒலியலைக் கருவியால் கூட்டத்தை அளந்து பார்த்த பின்னரே பிடிக்கும் அளவை வகுக்கின்றனர்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நிறுத்திய பின்னர் இவ்வளவு விரைவில் கூட்டத்தில் சேர்ந்தவை புதிதாகப் பிறந்த மீன்கள் அல்ல. மீன்பிடிப்பு நடந்த காலத்திற்கு முன்னரோ, நடந்த காலத்திலோ பிறந்து, அப்பொழுதுதான் முதிர்ச்சியடைந்தவையே அவை. 1990ஆம் ஆண்டில் அழிக்கப்பட்ட தாய்மீன்களின் இழப்பு, முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே முழுமையாகத் தெரியவரும். ஆழ்கடல் தன் கணக்கை மெதுவாகவே எழுதுகின்றது.

முடிவுரை

மாணவமணிகளே! பால்மரம் வெட்டும் தொழிலை உங்கள் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் கேட்டறியுங்கள். தேர்ந்த தொழிலாளி மரத்தின் பட்டையை மட்டுமே மெல்லச் சீவுவார். கத்தி சற்று ஆழமாகச் சென்று மரத்தில் காயம் பட்டால், அன்று பால் மிகுதியாக வடியலாம். ஆனால் பட்டை மீண்டும் ஒழுங்காக வளராது. வெட்டிய பட்டை மறுபடி வளர ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்தே, ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கத்தை ஆறவிடுவார். எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நம் ஆசை அன்று; மரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகமே. தோட்டத்துத் தொழிலாளி தம் கைப்பழக்கத்தால் அறிந்த இவ்வுண்மையை, பெரிய கப்பல்களையும் நுட்பமான கருவிகளையும் கொண்டிருந்தவர்கள் பெரும் நட்டத்தின் பின்னரே அறிந்தனர்.

கடலில் மீன் பிடித்தல் குற்றமன்று. மீனவரும் உழைத்து உண்பவரே. ஆனால் எதனைப் பயன்படுத்த விழைகின்றோமோ, அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆயுளையும் முதலில் கற்க வேண்டும். அந்தக் கல்வி பிந்தி வந்தால், அதற்கான விலையை அடுத்த தலைமுறை கொடுக்க நேரிடும். இன்று ஆழ்கடலின் இருளில் நீந்தும் ஒரு சிறு ஆரஞ்சு ரஃபி, நாம் விட்டுவைத்தால், உங்கள் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் காலத்திலும் வாழும்.

பயிற்சி வினாக்கள்

1. ஆரஞ்சு ரஃபி தன் இருப்பிடத்தில் மற்ற உயிர்களின் கண்ணுக்குப் படாமல் இருப்பது எவ்வாறு?

2. காற்றுப்பைக்கு மாற்றாக இம்மீனின் உடலில் மெழுகெண்ணெய் அமைந்திருப்பதன் பயன் யாது?

3. செவிக்கல்லைக் கொண்டு மீனின் வயதைக் கண்டறியும் இரு முறைகளை விளக்குக.

4. வங்கியில் 1,000 வெள்ளி உள்ளது. நூற்றுக்கு 10 வெள்ளி வட்டி கிடைக்குமானால், ஆண்டுக்கு எவ்வளவு எடுத்தால் முதல் குறையாது? கானாங்கெளுத்தியோடும் ஆரஞ்சு ரஃபியோடும் ஒப்பிட்டு எழுதுக.

5. மீன்வளம் குறைந்து வந்தபோதும், வலையில் மீன் குறையாததற்குக் காரணம் என்ன?

6. உங்கள் வீட்டில் வாங்கும் மீன்களின் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. முன்பு மிகுதியாகக் கிடைத்து இன்று அருகிவிட்ட மீன் எது என்பதையும் கேட்டுக் குறித்து வருக.